சின்ன ஜாரில் ஒரு கை கல்லுப்பு

மிக்சியை நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் காதுக்குள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். நோன்பு நாளில் அது இன்னும் கூடுதலாக ஓடும், வயிறு காலியாக இருக்கும்போது தலைக்குள் இடம் அதிகமாகிவிடுகிறதோ என்னவோ. சின்ன ஜாரின் மூடியை இரண்டு தட்டு தட்டித் திறந்தேன். பட்டை, கிராம்பு, ஏலக்காய், சோம்பு, கல்பாசி, ஒரு துண்டு ஜாதிபத்திரி, எல்லாம் ஒரே காவி நிறமாகிக் கிடந்தன, மெல்லிய தூள் மேலெழும்பி ஜன்னல் வெயிலில் அசையாமல் நின்றது. குனிந்து மூச்சை இழுத்தேன். பழக்கம்தான், இருபத்தொன்பது வருஷப் பழக்கம், மூடியைத் திறந்தால் கழுத்து தானாகக் குனியும். ஒன்றும் வரவில்லை. மூன்று மாதமாக ஒன்றும் வருவதில்லை, தண்ணீரை முகர்ந்த மாதிரிதான் இருக்கிறது. மூக்குக்குள் நமநமவென்று ஒரு கூச்சம் மட்டும் வந்தது, தும்முவதற்கு மட்டும் இந்த மூக்கு இன்னும் லாயக்காக இருக்கிறது. தும்மினேன், அல்ஹம்துலில்லாஹ் என்றேன், முந்தானையால் முகத்தைத் துடைத்தேன், துடைக்கும்போதுதான் அந்த யோசனை வந்து நின்றது. உப்பைக் கொட்டினேனா?

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து ஜாரை எடுத்தபோது பிளேடு மழுங்கியிருந்தது. போன தடவை மல்லி நைசாக அரைபடவில்லை, சல்லடையில் பாதி நின்றுவிட்டது. அதனால் ஒரு கை கல்லுப்பை ஜாரில் போட்டு ஓட்டினேன், பிளேடு தீட்டுவதற்கு எல்லாரும் செய்கிற வேலைதான், கரகரவென்று கல் உடைந்து கடைசியில் மாவாக ஓடும், பிளேடும் பளிச்சென்று ஆகிவிடும். அந்தத் தூளுப்பை உப்பு டப்பாவில் தட்டிவிட்டு ஜாரை உலர்ந்த துணியால் துடைப்பேன். எப்போதும் அப்படித்தான். இன்று மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. ரிஸ்வானா. "அம்மா, அத்தையும் வர்றாங்களாம்மா, இப்பத்தான் சொன்னாங்க, முட்டி வலின்னு வரமாட்டாங்கன்னு நெனச்சோம்ல, வர்றாங்களாம்." அத்தை என்றால் அவளுடைய மாமியார், மெகர்பானு. கல்யாணம் முடிந்து வருகிற முதல் நோன்பில் சம்பந்தி வீட்டாரை அழைத்து நோன்பு திறக்க வைப்பது எங்கள் வழக்கம், பன்னிரண்டு பேர் வருகிறார்கள். வலீமா விருந்தில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உத்தமபாளையத்துல பிரியாணின்னா ஜெய்த்தூன் வீட்டு வாசனைதான்னு சொல்றாங்க, ஒரு நாள் வந்து பாக்கணும்" என்று சொன்னார், நல்ல மனதோடுதான் சொன்னார், நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன், அன்று எனக்கு மூக்கு இருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். நாலு மாசக்காரி நோன்பு வைக்கலாமா என்று கேட்டேன், டாக்டர் வேண்டாம் என்று சொன்னாராம், சரி, விட்ட நோன்பைப் பிறகு வைத்துக் களா செய்துகொள் என்றேன், வாந்தி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பேசிக்கொண்டே மிக்சியை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறது. பேசிக்கொண்டே செய்தித்தாளில் ஆறப்போட்டிருந்த பட்டையையும் கிராம்பையும் அள்ளி ஜாரில் போட்டதும் ஞாபகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. அங்கே ரிஸ்வானாவின் குரல்தான் இருக்கிறது, எலுமிச்சம்பழம் நக்கினால் வாந்தி நிற்கிறது என்று சொல்கிற குரல், அந்தக் குரலுக்குள் என் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை.

உப்பு டப்பாவைத் திறந்து பார்த்தேன். முக்கால் அளவு இருக்கிறது, நேற்றும் முக்கால்தான் இருந்தது, அல்லது நேற்று அரையாக இருந்ததா, யார் உப்பு டப்பாவின் அளவை ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். பொடியைப் பாட்டிலில் கொட்டிப் பார்த்தேன். வழக்கமாகக் கழுத்துக்கு ஒரு விரல் கீழே நிற்கும், இன்று கழுத்துவரை வந்துவிட்டது, உப்புதான் என்று முடிவே செய்துவிட்டேன். பிறகு இன்று ஏலக்காய் கூடுதல் என்பது நினைவுக்கு வந்தது. உதுமான், என் வீட்டுக்காரர், ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறவர், முப்பது வருஷமாக அதே கடை, சம்பந்தி வருகிறார்கள் என்று உருட்டு உருட்டான பச்சைக்காயாக ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார், "மொத்தத்தையும் போடு புள்ள, மிச்சம் வைக்காத" என்றார். மொத்தத்தையும் போட்டேன். அதனால் அளவு கூடியிருக்கலாம். ஒரு சிட்டிகை பொடியை வெயிலில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், மினுமினுவென்று ஏதோ மின்னியது, உப்பு மின்னும், சோம்பின் தோலும் மின்னும். மேடையோரம் எறும்பு போய்க்கொண்டிருந்தது, அதன் வழியில் கொஞ்சம் தூவினேன். எறும்பு உப்புத் தின்னாது. ஒன்று வந்து நின்று மீசையை ஆட்டி யோசித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. ஆனால் எறும்பு பட்டையும் தின்னாது, கிராம்பும் தின்னாது, அதற்கு வேண்டியது சர்க்கரை, அதை நான் எதற்குச் சாட்சிக்கு இழுத்தேன். பக்கத்து வீட்டு ராஜாத்தி அக்கா இருந்திருந்தால் ஒரு கரண்டியை நீட்டி "அக்கா கொஞ்சம் வாயில போட்டுப் பாரு" என்று கேட்டிருப்பேன், அக்காவுக்கு நோன்பா ஒன்றா. அக்கா காலையிலேயே பேரனுக்கு மொட்டையடிக்க ஆண்டிபட்டி போய்விட்டது, கதவில் பூட்டுத் தொங்குகிறது. பிரியாணிக்கும் இந்தப் பொடிதான், தால்ச்சாவுக்கும் இதுதான், நோன்புக் கஞ்சிக்கும் இதில்தான் ஒரு ஸ்பூன். பொடியில் உப்பு இருந்து நானும் அளவு உப்புப் போட்டால் மூன்றும் வாயில் வைக்க முடியாது. இல்லாமல் இருந்து நான் குறைத்தால் மூன்றும் சப்பென்று இருக்கும். கொட்டிவிட்டுத் திரும்ப அரைக்கலாம் என்றால் ஏலக்காய் ஒன்றுகூட மிச்சமில்லை, ஏன் கொட்டினாய் என்று அவர் கேட்பார், கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும்.

வாயில் வைத்துப் பார்க்க முடியாது. முடியாது என்றில்லை, அதற்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் அந்த வழி எனக்கில்லை. போன வருஷம் பெண்கள் பயானில், மார்க்கச் சொற்பொழிவில், ஆலிமா படிப்பு முடித்த ஒரு பிள்ளை, இருபத்துநாலு வயது இருக்கும், கிதாபை விரித்து வைத்துக்கொண்டு சொன்னது. நோன்பு வைத்திருக்கிற பெண் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது, ஆனால் புருஷன் கோபக்காரனாக இருந்து, உப்பு உறைப்பு சரியில்லை என்றால் சண்டைக்கு வருகிறவனாக இருந்தால், நாக்கு நுனியில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம், விழுங்கிவிடாமல். சொன்னதும் ஒரே சிரிப்பு. பின்வரிசையில் இருந்து சுலைகா கையைத் தூக்கி, "எனக்கு அனுமதி உண்டு, எழுதிக்குங்க" என்றாள், அவள் வீட்டுக்காரர் உப்புக்கு மட்டுமா சண்டை போடுகிறார், மழை பெய்தாலும் சண்டை போடுகிறவர். ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து உன் வீட்டில் எப்படி என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. உதுமானைத் தெரியாதவர்கள் யார். அன்று சாயங்காலம் வீட்டில் வந்து சொன்னபோது அவர் பனியனோடு உட்கார்ந்து பேரீச்சம்பழத்துக் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். "எனக்குக் கோவமே வரமாட்டேங்குது ஜெய்த்தூனு, நான் என்ன பண்ண" என்றார், ஏதோ தன்னிடம் ஒரு குறை மாதிரி. எனக்கு அந்தச் சலுகை தேவையாகவும் இல்லை. கொதி வரும்போது ஆவியை முகர்ந்தாலே எனக்கு உப்புத் தெரிந்துவிடும், குறைந்தால் ஒரு பச்சை வாடை, சரியாக இருந்தால் ஒரு நிறைந்த வாடை, அதை எப்படிச் சொல்வது, சொல்லிக் காட்டுகிற விஷயமில்லை அது. இருபத்தொன்பது வருஷ நோன்பில் ஒருநாள்கூட என் நாக்கு நுனி சட்டியைத் தொட்டதில்லை, ஒருநாள்கூட உப்புத் தப்பியதில்லை. தெருவில் ஜெய்த்தூன் மூக்கு என்று எனக்குப் பேர். மற்றவர்கள் கொதிக்கிற சட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருவார்கள், கொஞ்சம் மோந்து பாரு ஜெய்த்தூனு என்று. இப்போதும் வருகிறார்கள். இந்த மூன்று மாதமாக நானும் குனிந்து மூச்சை இழுத்து, கண்ணை மூடி, "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்புகிறேன். இது பொய், நோன்பு மாதத்தில் சொல்கிற பொய், இதற்கு எந்தக் கிதாபில் அனுமதி இருக்கிறதோ.

அந்தக் காய்ச்சல் நாலே நாள்தான் இருந்தது. ஐந்தாம் நாள் எழுந்து காப்பி போட்டால் சுடுதண்ணீர் மாதிரி இருந்தது, தூள் மட்டம் என்று கடைக்காரனைத் திட்டினேன். மறுநாள் மீன் கழுவினேன், ஒன்றும் இல்லை. சாம்பிராணி போட்டேன், புகை கண்ணைக் கரித்தது, ஒன்றும் இல்லை. மருந்துக் கடைக்காரர், சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு நாளாகும் என்றார், சிலருக்கு என்று மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு நான் காதாலும் கண்ணாலும் சமைக்கக் கற்றுக்கொண்டேன். மல்லி வறுபட்டால் சட்டியில் சத்தம் மாறும், ஈரச் சத்தம் போய்க் காய்ந்த சத்தம் வரும். கிராம்பு பருத்து நிற்கும். சோம்பு பச்சை போய் மஞ்சளாகும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும், அப்புறம் சட்டிச் சூடே பார்த்துக்கொள்ளும். சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒருநாள் பால் தீய்ந்து சட்டி கறுத்து வீடெல்லாம் புகை, நான் அதே அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குப் பயம். கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது. படுத்த பிறகு சிலிண்டர் குமிழை மூடினேனா என்று கிடந்து யோசிப்பேன், எழுந்துபோகச் சோம்பல், யோசித்துக்கொண்டே தூங்கிவிடுவேன், காலையில் பார்த்தால் மூடித்தான் இருக்கும், பரவாயில்லை கைக்காவது ஞாபகம் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். இவர் வேறு இப்போதெல்லாம் படுக்கப்போகும் முன் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறார், புதுப்பழக்கம், சர்க்கரை வந்துவிட்டதோ என்று அது ஒரு கவலை. எல்லாக் கவலைக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் கஷ்டம். ரிஸ்வானா பிறந்தபோது அவள் உச்சந்தலையில் ஒரு வாடை இருந்தது. பாலும் இல்லை, எண்ணெயும் இல்லை, வெயிலில் காய்ந்த துணியும் இல்லை. நாற்பது நாள் நான் அந்த வாடையிலேயே மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தேன். இன்னும் ஐந்து மாதத்தில் அவளுக்குப் பிள்ளை பிறக்கும், துணியில் சுற்றி என் கையில் கொடுப்பார்கள், நான் குனிவேன், ஒன்றும் வராது. அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது, வெறும் மூக்குக்காக ஒருத்தி அழுவாளா என்று வெட்கமாகவும் வருகிறது.

மல்லியும் மிளகும் சீரகமும் இன்னும் அரைக்காமல் தாளில் கிடந்தன. உப்பு இருக்கட்டும், அதை அரைப்போம், மிக்சி ஓடினால் யோசனை நிற்கும். ஜாரைத் துடைத்தேன், துடைத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன், துணியைப் பார்த்தேன், காவிதான் ஒட்டியிருந்தது. மல்லியை அள்ளிப் போட்டேன், கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, மூடியை அமுக்கித்தான் பூட்ட வேண்டியிருந்தது. இடது பக்கம் திருப்பி விட்டு விட்டு ஓட்ட வேண்டும், அதுதான் முறை, ஆனால் கை சோர்ந்து வலது பக்கம் திருப்பிவிட்டது. ஓடட்டும். உள்ளங்கையை மூடிமேல் வைத்துக்கொண்டேன். அந்த நடுக்கம் மணிக்கட்டில் ஏறி முழங்கைக்கு வந்து தோளுக்கு வந்தது, பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்தால் வருகிற நடுக்கம். கம்பம் பஸ். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி முதல் தடவையாக இவரோடு கம்பம் போனது. பக்கத்தில் உட்கார்ந்தபோது இவர் சட்டையிலிருந்து ஏலக்காய் வாசனை வந்தது, ஏதோ அத்தர் என்று நினைத்து என்ன அத்தர் இது என்று கேட்டேன், இவர் வெட்கப்பட்டுப்போய், துவைச்ச சட்டைதான், எத்தனை தடவை துவைச்சாலும் போகாது என்றார். அந்தச் சட்டையை நான் இரண்டு தடவைக்கு மேல் துவைக்கவில்லை. இப்போது அவர் கடையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் யாரோ ஒரு மனிதர் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, முகம் அவர் முகம்தான், ஆனாலும். ஜன்னலுக்கு வெளியே பாதித் திராட்சைத் தோட்டம் பாதித் தென்னை, எல்லாம் பின்னால் ஓடுகிறது, பஸ் மேட்டில் ஏறுகிறது, சத்தம் கனக்கிறது, இன்னும் கனக்கிறது, டிரைவர் கியர் மாற்றாமல் என்ன செய்கிறார், ஜன்னலில் மெகர்பானு உட்கார்ந்திருக்கிறார், கையில் தட்டு, வாயில் முதல் கவளம், அவர் முகம் மெல்ல மாறுகிறது, உப்பா இல்லையா, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, நான் இன்னும் கொஞ்சம் குனிகிறேன்.

"ஜெய்த்தூனு."

சுவிட்சை அணைத்தது அவர் கைதான். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நேரே வந்திருக்கிறார், தொப்பிகூட தலையிலேயே இருந்தது. மிக்சியின் அடியிலிருந்து நீலமாகப் புகை வந்துகொண்டிருந்தது. கையை எடுத்தேன், மூடி கொதித்தது.

"மோட்டார் கருகுது. வாசல்வரைக்கும் நாறுதே புள்ள" என்றார்.

"எனக்கு" என்று தொடங்கினேன். மூன்று மாதமாகத் தொண்டைவரை வந்து வந்து போனது இப்போது நிற்காமல் வெளியே வந்தது. "எனக்கு வாசனை தெரியலைங்க. காய்ச்சலுக்குப் பெறகு ஒண்ணுமே தெரியல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பால் தீஞ்சுச்சே, அன்னைக்கே தெரியும். நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்." ஜாரைக் கழற்றி ஓரமாக வைத்தார். "தெனம் நான் எதுக்குப் போயிப் போயித் தண்ணி குடிக்கிறேன்? நீ குமிழைத் தொறந்து போட்டுட்டுப் படுக்கிற, இதுவரைக்கும் நாலு தடவை."

அவர் சர்க்கரைக்காக நான் எத்தனை நாள் கவலைப்பட்டேன். கோபம் வந்தது, பிறகு அது என்னவாகவோ ஆகி மூக்கு அடைத்துக்கொண்டது. உப்பு விஷயத்தைச் சொன்னேன், கல்லுப்பு, போன், பாட்டிலின் கழுத்து, எறும்புவரைக்கும். எறும்பைச் சொன்னபோது மட்டும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நாக்குல வச்சுப் பாத்துரு."

"அதெப்படி. நீங்க கோவக்காரரா என்ன. எனக்கு அனுமதி இல்ல."

 அவர் தொப்பியைச் சரிசெய்தார். ஜன்னல் கதவைச் சாத்தினார், தெருவில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று. இடுப்பில் கையை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். தொண்டையைக் கனைத்தார்.

"இந்தா பாரு. இன்னிக்கி மட்டும் உப்பு சரியில்லன்னா" என்று ஒரு குரல் வந்தது, அது யாருடைய குரல் என்று எனக்கே தெரியவில்லை, "தட்டைத் தூக்கி எறிஞ்சுபுடுவேன். சம்பந்தி இருக்காங்கன்னுகூடப் பாக்கமாட்டேன். ஆமா." ஆமா என்கிற இடத்தில் குரல் உடைந்து பழைய உதுமான் எட்டிப் பார்த்தார். "போதுமா?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிக்கச் சிரிக்க அது கண்ணில் தண்ணீராக இறங்கியது, நிறுத்த முடியவில்லை.

"அழாமப் பாரு" என்றார். "அப்பறம் எந்த உப்புன்னு தெரியாமப் போயிரும்."

முகத்தை நன்றாகத் துடைத்தேன். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக நாக்கு நுனியை நீட்டி ஒரு துளி பொடியைத் தொட்டேன். காரம் ஒரு ஊசி மாதிரி குத்தியது. அதன் பின்னால் உப்பு வந்தது. சந்தேகமே இல்லாத, ஒரு கை முழுக்க உப்பு. ஓடிப்போய்த் துப்பினேன், வாயை மூன்று தடவை கொப்பளித்தேன், ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல்.

"இருக்கு" என்றேன். "நெறய இருக்கு. பிரியாணிக்குப் பாதி உப்புதான் போடணும்."

"நல்லதாப் போச்சு. கோவம் இன்னிக்கி மட்டுந்தான். நாளைக்கும் வேணும்னா மொதல்லயே சொல்லிரு, எனக்குத் தயாராக நேரம் வேணும்."

பாட்டிலை எடுத்து மூக்கருகில் வைத்தார். கடையில் காயை முகர்கிற மாதிரி, கண்ணை மூடாமல், தலையை லேசாகச் சாய்த்து. "பட்டை கொஞ்சம் முந்துது. கிராம்பு கருகல, பதமா இருக்கு. சோம்பு அடியில இருக்கு, தேடுனாத்தான் கெடைக்கும். ஏலக்காய் கடைசியா வருது, ஆனா வந்தாப் போகமாட்டேங்குது." அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் எனக்குள் எங்கோ அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மூக்குக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் பொடி சரியாக இருக்கிறது என்று மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது.

"ஏங்க."

"ம்."

"ரிஸ்வானாவுக்குப் புள்ளை பொறந்ததும் நீங்க அது உச்சந்தலையை மோந்து பாக்கணும். பாத்துட்டு எனக்குச் சொல்லணும். இதே மாதிரி. ஒண்ணுவிடாம."

 அவர் பாட்டில் மூடியைத் திருகி மூடினார், அது ஏற்கெனவே மூடியிருந்த பிறகும் இன்னொரு தடவை திருகினார்.

"தரம் பிரிச்சே சொல்றேன்" என்றார். பிறகு மிக்சியைக் கவிழ்த்து, மோட்டார் சூடேறினால் வெளியே தள்ளிக்கொள்கிற அடியிலிருந்த சிவப்புப் பொத்தானைத் தேடி அழுத்தினார், பாதி மல்லி இன்னும் அரைபடாமல் கிடந்தது.